லிங்க் ஒட்டுவதற்கு முன்: தனித்து இயங்கும் ராப் கலைஞர்களுக்கு ஒரு திறந்த மடல்

லேபிள் இல்லாமல், மேனேஜர் இல்லாமல், சொந்தக் காசில் டிராக் வெளியிடும் ராப் கலைஞர்கள் அனைவருக்கும் வணக்கம்.

அடுத்தவர் வீடியோவின் கீழே போய் "நம்ம டிராக்கையும் ஒரு தடவ கேட்டுப் பாருங்க ப்ரோ" என்று லிங்க் ஒட்டுவதை முதலில் நிறுத்துங்கள். அங்கே இருப்பவர் வேறொருவரைக் கேட்க வந்தவர். பாவம் பார்த்து உங்கள் லிங்க்கைத் தட்டினாலும் பத்து விநாடியில் திரும்பிவிடுவார். ஸ்பாட்டிஃபையில் 30 விநாடி ஓடினால்தான் அது ஒரு ஸ்ட்ரீம். பத்து விநாடியில் போனவர் எண்ணிக்கையில் சேரமாட்டார், பாதியில் விட்டுப் போனார் என்ற தகவல் மட்டும் தளத்திடம் தங்கும்.

குரலையும் இசையையும் மிக்ஸ் செய்வது, பாட்டைத் தளங்களுக்கு அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டர் நிறுவனத்துக்கு ஏற்றுவது, விளம்பரம் ஓட்டுவது என்று இந்தத் தொழிலின் கொல்லைப்புறத்தில் வேலை பார்ப்பவர்கள் நாங்கள். "ப்ரோமோஷன் எப்படிப் பண்றது?" என்பதுதான் எங்கள் காதில் விழும் முதல் கேள்வி. பானை ஒழுகுகிறதா என்று பார்ப்பதற்கு முன்பே தண்ணீர் எங்கே கிடைக்கும் என்று கேட்கிறீர்கள். ஒழுகும் இடங்கள் எவை என்று எங்களுக்குத் தெரியும். பெரும்பாலானவை பாட்டு வெளிவருவதற்கு முன்பே உண்டாகிவிடுகின்றன.

பீட்டிலிருந்து, அதாவது ராப்புக்குப் பின்னால் ஓடும் இசையிலிருந்து, தொடங்குகிறோம். "டைப் பீட்" என்று, ஒரு பிரபலக் கலைஞரின் பாணியில் செய்து விற்கப்படுவதைத் தேடி எடுத்த பீட்டுக்கு நீங்கள் கொடுத்தது பெரும்பாலும் வாடகைதான், விலை அல்ல. அதே பீட்டை அதைச் செய்த பீட்மேக்கர் இன்னும் ஐம்பது பேருக்கு லீஸ் விடலாம். லீஸ் ஒப்பந்தத்தில் மூன்று விஷயங்களைத் தேடிப் படியுங்கள்: எத்தனை ஸ்ட்ரீம் வரை செல்லும், எத்தனை ஆண்டு செல்லும், யூடியூப் கன்டென்ட் ஐடியில் பதியலாமா. மூன்றாவதில்தான் நிறையப் பேர் விழுகிறார்கள். டிஸ்ட்ரிபியூட்டர் படிவத்தில் கன்டென்ட் ஐடிக்கான கட்டத்தைப் பார்த்ததும், ஏதோ கூடுதல் பாதுகாப்பு என்று நினைத்து டிக் அடித்துவிடுகிறார்கள். கன்டென்ட் ஐடி என்பது ஒலியோடு ஒலியை ஒப்பிடும் இயந்திரம். உங்கள் குரல் நிற்கும் இடங்களில் பீட் மட்டும் ஓடுகிறது அல்லவா? அதே ஒலி மற்ற ஐம்பது பேர் பாட்டிலும் இருக்கிறது. அவர்கள் வீடியோ மீதெல்லாம் உங்கள் பெயரில் க்ளெய்ம் (உரிமைக் கோரிக்கை) விழும். சில சமயம் பீட்மேக்கரின் சொந்த வீடியோ மீதே விழும். அவர் புகார் செய்தால் உங்கள் பாட்டு தளத்திலிருந்து இறக்கப்படலாம், கணக்கே முடங்கலாம். தனி உரிமை இல்லாத ஒலியைக் கன்டென்ட் ஐடிக்குக் கொடுக்கக் கூடாது என்பது யூடியூபின் விதி. லீஸ் பீட் என்றால் அந்தக் கட்டத்தைத் தொடாதீர்கள்.

வேறொருவர் அந்தத் தப்பைச் செய்து க்ளெய்ம் உங்கள் மீது வந்தால் பதற வேண்டாம். லீஸ் ஒப்பந்தமும் ரசீதும் இருந்தால் மறுப்புப் பதியலாம். க்ளெய்ம் செய்தவருக்குப் பதில் சொல்ல 30 நாள் அவகாசம். அந்த 30 நாளும் உங்கள் வெளியீட்டின் சூடான நாட்களாக இருந்துவிடக் கூடாது என்பதால், வீடியோவைச் சில நாட்கள் முன்பே தனிப்பட்டதாக ஏற்றி வைத்து க்ளெய்ம் வருகிறதா என்று பாருங்கள். "ஃப்ரீ பீட்" என்றால் பெரும்பாலும் காசு பார்க்காத பயன்பாட்டுக்கு மட்டும்தான் ஃப்ரீ. ஸ்ட்ரீமிங் தளத்தில் ஏற்றிய கணமே அது வியாபாரம்.

சாம்பிள், அதாவது வேறொரு பாட்டின் ஒலித்துண்டை எடுத்துச் சேர்ப்பது, இந்த விஷயத்தில் ஒரு கட்டுக்கதை சாகவே மாட்டேன் என்கிறது: ஆறு விநாடிக்குள் எடுத்தால் கேட்க மாட்டார்களாம். அப்படி ஒரு பொதுவிதி கிடையாது. 1991-இல் அமெரிக்க ராப்பர் பிஸ் மார்க்கி அனுமதியில்லாமல் சாம்பிள் எடுத்த வழக்கில், அமெரிக்க நீதிபதி தன் தீர்ப்பையே "திருடாதே" என்ற கட்டளையோடு தொடங்கினார். சாம்பிளுக்கு இரண்டு அனுமதி வேண்டும். ஒன்று அந்த ஒலிப்பதிவின் உரிமையாளரிடம், மற்றொன்று அந்தப் பாடலை இயற்றியவர் தரப்பிடம். பீட்டில் சாம்பிள் இருந்தால் பீட்மேக்கர் தானாகச் சொல்வார் என்று காத்திருக்காதீர்கள். வாங்கும்போதே எழுத்தில் கேளுங்கள். ஹூக் (திரும்பத் திரும்ப வரும் பகுதி) பாடிய நண்பருக்கு எவ்வளவு, பீட்மேக்கருக்கு எவ்வளவு என்பதையும் வெளியீட்டுக்கு முன்பே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். ஒலிப்பதிவு உரிமைக்கு ஒரு கணக்கு, பாடல் உரிமைக்கு ஒரு கணக்கு, இரண்டும் தனித்தனியே கூட்டினால் 100 வர வேண்டும். பாட்டு ஓடாதவரை யாரும் பங்கு கேட்பதில்லை. ஓடிய பிறகு எல்லோருக்கும் ஞாபகசக்தி வந்துவிடும்.

ஒலிக்கு வருவோம். எம்பி3 லீஸாக வாங்கிய பீட், உச்சங்களை அடக்கும் லிமிட்டரில் நசுங்கி உச்சியை முட்டிக்கொண்டு நிற்கும். அதன் மேல் குரலை வைத்தால் குரலுக்கு இடம் இருக்காது. பீட்டை 6 முதல் 8 டெசிபல் இறக்கிவிட்டு மிக்ஸைத் தொடங்குங்கள். குரலில் 80 முதல் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள உறுமலை வெட்டி எறியுங்கள். சொல்லைச் சொல்லாகக் கேட்க வைக்கும் மெய்யொலிகளின் கூர்மை ஏறத்தாழ 2 முதல் 5 கிலோஹெர்ட்ஸ் வரை இருக்கிறது. அதே இடத்தில் பீட்டின் சின்த்தோ கிட்டாரோ உட்கார்ந்திருந்தால், குரலைக் கூட்டாமல் பீட்டின் அந்தப் பகுதியை 2 டெசிபல் தணியுங்கள். முடிந்தால் கொஞ்சம் கூடக் கொடுத்து ஸ்டெம்களாகவே (ஒவ்வொரு கருவியும் தனித்தனிக் கோப்பாக) வாங்குவது நல்லது. ராப்பில் வரி புரியாவிட்டால் ஃப்ளோ எப்படி இருந்து என்ன பயன்? மிக்ஸ் முடிந்ததும் போன் ஸ்பீக்கரில், குறைந்த சத்தத்தில், பாட்டை முன்பின் கேட்டிராத ஒருவருக்குப் போட்டுக் காட்டி ஹூக்கைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். அவர் திணறினால் மிக்ஸுக்குத் திரும்புங்கள்.

சத்தத்தில் போட்டி போடாதீர்கள். ஸ்பாட்டிஃபை தன் இயல்பு அமைப்பில் பாடல்களை −14 லஃப்ஸ் (கேட்கும் சத்தத்தை அளக்கும் அலகு) அளவுக்குக் கொண்டுவந்து ஒலிக்கவிடுகிறது. நீங்கள் −8-இல் மாஸ்டர் (மிக்ஸின் கடைசிச் செப்பனிடல்) செய்து அனுப்பினால் அது 6 டெசிபல் இறக்கிவிடும். நீங்கள் சேர்த்த சத்தம் போய், அதற்காகப் பண்ணிய நசுக்கல் மட்டும் மிஞ்சும். அதற்காக −14-ஐப் பிடித்துத் தொங்கவும் தேவையில்லை. 808 பேஸ் அடிக்கும் பாட்டு −9, −10-இல் நின்றால் குற்றமில்லை. ட்ரூ பீக், அதாவது ஒலி அலையின் உண்மையான உச்சம், −1 டெசிபலைத் தாண்டக் கூடாது. சத்தமான மாஸ்டருக்கு −2 வை என்பது ஸ்பாட்டிஃபையே சொல்லும் அளவு. கோப்பைச் சுருக்கும்போது உச்சங்கள் இன்னும் கொஞ்சம் எகிறும், கரகரப்பு அங்கேதான் பிறக்கிறது. ஏற்றுவது வேவ் கோப்பாக, 44.1 கிலோஹெர்ட்ஸில், 16 அல்லது 24 பிட்டாக இருக்கட்டும். எம்பி3-ஐ வேவ் ஆக மாற்றி அனுப்புவது கிழிந்த சட்டைக்கு இஸ்திரி போடுவது.

பாட்டின் தொடக்கம் பற்றி ஒரு வார்த்தை. 25 விநாடி மழைச் சத்தம், கதவு திறக்கும் சத்தம், பீட்மேக்கரின் பெயர் சொல்லும் டேக், பிறகுதான் முதல் பார் (ராப்பின் ஒரு வரி) என்றால், 30 விநாடிக் கோட்டைத் தொடுமுன்பே பாதிப் பேர் போய்விடுவார்கள். அந்த முன்னுரையை வீடியோவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி யாருக்கும் பிடிக்காத பகுதி, படிவம் நிரப்புவது. உங்கள் மேடைப் பெயரில் ஏற்கனவே யாராவது இருக்கிறாரா என்று ஒவ்வொரு தளத்திலும் தேடுங்கள். இருந்தால் உங்கள் டிராக் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும், அவர் ரசிகர்கள் உங்களைத் திட்டுவார்கள். முதல் வெளியீடு என்றால் "புதிய கலைஞர்" என்று குறியுங்கள். அடுத்த முறையிலிருந்து உங்கள் பக்கத்தின் லிங்க்கைப் படிவத்திலேயே கொடுங்கள். ஆங்கில எழுத்தில் எழுதப்படாத மொழியில் ராப் செய்பவருக்கு இன்னொரு சிக்கல்: பாட்டைத் தேடுகிறவர் பெரும்பாலும் ஆங்கில எழுத்தில்தான் தட்டுவார். பெயருக்கு ஒரே எழுத்துக்கூட்டலை முடிவு செய்து எல்லாத் தளத்திலும் அதையே வைத்திருங்கள். நெடிலுக்கு ஓரிடத்தில் ஒரு எழுத்து, இன்னோரிடத்தில் இரண்டு எழுத்து என்று போட்டால் ஒரே ஆள் இரண்டு கலைஞராகிவிடுவார்.

கூடப் பாடியவர் பெயரைத் தலைப்பில் எழுதாமல் அதற்கான கட்டத்தில் எழுதுங்கள். "ப்ராட் பை" என்று பீட்மேக்கர் பெயரைத் தலைப்பில் சேர்த்தால் திருப்பி அனுப்புவார்கள். கவர் 3000-க்கு 3000 பிக்சல் சதுரமாக இருக்கட்டும். அதில் இன்ஸ்டாகிராம் ஐடி, லிங்க், தளத்தின் லோகோ, விலை எது இருந்தாலும் நிராகரிப்புதான். வசைச்சொல் இருந்தால் எக்ஸ்ப்ளிசிட் குறியை மறைக்காதீர்கள். சுத்தப் பதிப்பும் வெளியிடுவதானால் அது வேறு ஒலிப்பதிவு, அதற்குத் தனி ஐ.எஸ்.ஆர்.சி. எண் வேண்டும்.

அந்த எண்ணைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். ஐ.எஸ்.ஆர்.சி. என்பது ஓர் ஒலிப்பதிவுக்கு வாழ்நாள் முழுதும் ஒட்டிக்கொண்டிருக்கும் 12 எழுத்து-எண் அடையாளம். உங்கள் ஸ்ட்ரீம் எண்ணிக்கையை அடுத்த வீட்டுக்குத் தூக்கிப் போக உதவுவது அதுதான். டிஸ்ட்ரிபியூட்டரை மாற்றும்போது "புதிய எண் கொடு" என்று விட்டுவிட்டால் பாட்டு பூஜ்யத்திலிருந்து தொடங்கும். பழைய எண்ணை, அதே ஒலிக்கோப்பை, அதே தலைப்பை, அதே கால அளவைக் கொடுங்கள். புதிய பிரதி தளத்தில் வந்து, எண்ணிக்கை ஒட்டிக்கொண்டதைக் கண்ணால் பார்த்த பிறகு பழையதை இறக்கச் சொல்லுங்கள். பலர் செய்வது தலைகீழ்: கோபத்தில் பழையதை இறக்கிவிட்டுப் பிறகு புதியவரைத் தேடுகிறார்கள். நடுவில் இரண்டு வாரம் பாட்டே இல்லை, பிளேலிஸ்ட்களில் அதன் இடத்தில் ஓட்டை. இந்த எண்ணை வைத்தே இன்னொன்றும் செய்யலாம். இரண்டாவது சிங்கிளை வெளியிடும்போது முதல் சிங்கிளையும் அதே ஐ.எஸ்.ஆர்.சி. எண்ணோடு கூடச் சேர்த்து இரண்டு பாட்டு வெளியீடாக ஏற்றுங்கள், மூன்றாவதில் மூன்றும். புதிய பாட்டைக் கேட்டு முடித்தவருக்குப் பழைய பாட்டு தானாக ஓடும், எண்ணிக்கையும் சிதறாது.

நாள் குறிப்பதில் அவசரம் வேண்டாம். நான்கு வாரம் முன்பாகவே டிஸ்ட்ரிபியூட்டருக்கு அனுப்பிவிடுங்கள். கலைஞர்களுக்கான ஸ்பாட்டிஃபை ஃபார் ஆர்ட்டிஸ்ட்ஸ் பக்கத்தில் வெளிவராத பாட்டை மட்டுமே பிளேலிஸ்ட் எடிட்டர்களுக்குப் பிட்ச் செய்ய (பரிசீலிக்கச் சொல்லி அனுப்ப) முடியும், ஒரு நேரத்தில் ஒன்று மட்டும். குறைந்தது ஏழு நாள் முன்னால் அனுப்பினால் உங்களைப் பின்தொடர்வோரின் ரிலீஸ் ரேடார் என்ற புதுப்பாட்டுப் பிளேலிஸ்ட்டில் அந்தப் பாட்டே வரும். புதன்கிழமை ஏற்றி வெள்ளிக்கிழமை வெளியிடுபவருக்கு இந்தக் கதவே திறக்காது. பிட்ச் எழுத 500 எழுத்துக்குள்தான் இடம். "என் வாழ்க்கைப் போராட்டம்" என்று அதை வீணாக்காதீர்கள். என்ன மொழி, என்ன வகை பீட், எதைப் பற்றிய பாட்டு, யார் சேர்ந்திருக்கிறார், வெளியீட்டுக்கு நீங்கள் என்ன செய்யப்போகிறீர்கள் என்பதைத் தந்தி மாதிரி எழுதுங்கள். எடிட்டர் எடுக்காமல் போகலாம், பெரும்பாலும் எடுக்கமாட்டார். ஆனால் அங்கே நீங்கள் குறிக்கும் வகையும் மனநிலையும் வீண் போவதில்லை. 2015 ஜூலை 10 முதல் வெள்ளிக்கிழமை உலகப் பொது வெளியீட்டு நாளாக இருக்கிறது. பெரிய நிறுவனங்களோடு அதே நாளில் முண்டியடிக்க வேண்டிய கட்டாயம் உங்களுக்கில்லை.

இந்த மடலை எழுத வைத்ததே அடுத்த விஷயம்தான். "10,000 ஸ்ட்ரீம் கேரண்டி" என்று டிஎம்மில் வருபவர்கள். 2024 தொடக்கத்திலிருந்து, கடந்த 12 மாதத்தில் 1000 ஸ்ட்ரீமைத் தொடாத பாட்டுக்கு ஸ்பாட்டிஃபையில் ஒலிப்பதிவு ராயல்டி கிடையாது. இந்தக் கோட்டைத் தாண்டத் துடிக்கும் கலைஞர்தான் இவர்களின் இரை. அவர்கள் விற்பது பாட் (ஆள் போல நடிக்கும் நிரல்) ஓட்டும் ஸ்ட்ரீம், அல்லது பாட் நிரம்பிய பிளேலிஸ்ட்டில் ஓர் இடம். அதே 2024-லிருந்து, அப்பட்டமான போலி ஸ்ட்ரீம் கண்டுபிடிக்கப்பட்டால் ஸ்பாட்டிஃபை டிஸ்ட்ரிபியூட்டருக்கும் லேபிளுக்கும் பாட்டு ஒன்றுக்கு இவ்வளவு என்று அபராதம் போடுகிறது. டிஸ்ட்ரிபியூட்டர் அதை உங்கள் தலையில் இறக்குவார், அல்லது பாட்டையே இறக்குவார். "நான் வாங்கல, அவங்களா சேர்த்தாங்க" என்பது உண்மையாகவே இருந்தாலும் நிரூபிப்பது கடினம்.

அபராதத்தைவிட மோசமான கேடு ஒன்று உண்டு. யார் உங்களைக் கேட்கிறார், அவர் வேறு யாரைக் கேட்கிறார் என்பதை வைத்துத்தான் தளம் அடுத்த கேட்பவரைத் தேடித் தருகிறது. பாட் பிளேலிஸ்ட்டில் உங்களுக்கு முன்னால் தூக்கத்துக்கான பியானோ, பின்னால் நடனக் கூச்சல். உங்கள் டிராக் யாருக்கு என்பதே தளத்துக்குக் குழம்பிப்போகும். பூஜ்யத்தில் இருக்கும் கலைஞருக்கு மேலே போக வழி இருக்கிறது. குழப்பியடிக்கப்பட்ட கணக்கைச் சுத்தம் செய்ய மாதங்கள் ஆகும்.

அடையாளம் காண்பது கடினமில்லை. பிளேலிஸ்ட்டுக்குப் பல்லாயிரம் ஃபாலோயர், ஆனால் அதில் உள்ள பாடகர்கள் யாரும் கேள்விப்படாதவர்கள், வகைக்கு வகை சம்பந்தமில்லை. உங்கள் கணக்கில் கேட்பவர்கள் திடீரென்று உங்களுக்குத் தொடர்பே இல்லாத ஒரே நகரத்தில் குவிகிறார்கள். ஆயிரக்கணக்கில் ஸ்ட்ரீம், சேவ் இரண்டோ மூன்றோ. ஃபாலோயர் எண் அசையவே இல்லை. இப்படி ஒரு பிளேலிஸ்ட்டில் கேட்காமலே சேர்க்கப்பட்டிருந்தால் அன்றைக்கே ஸ்கிரீன்ஷாட் எடுத்து டிஸ்ட்ரிபியூட்டருக்கு எழுதுங்கள், ஸ்பாட்டிஃபையின் புகார்ப் படிவத்திலும் பதியுங்கள். பின்னால் கேள்வி வரும்போது தேதி போட்ட அந்தக் கடிதம்தான் உங்கள் சாட்சி. பிளேலிஸ்ட்டில் இடத்துக்குக் காசு வாங்குவது விதிமீறல். கேட்டுப் பார்த்துக் கருத்துச் சொல்லக் கட்டணம் வாங்கும் சேவைகள் வேறு ரகம், அங்கே இடம் உறுதி என்று யாரும் சொல்லமாட்டார்கள். உறுதி என்று சொன்னால் கழன்றுகொள்ளுங்கள்.

அப்படியானால் கேட்பவர் எங்கிருந்து வருவார்? இன்றைக்கு முக்கால்வாசி குறுவீடியோவிலிருந்துதான் என்பது எங்கள் கணிப்பு. ஒரு டிராக்குக்கு ஒரு கிளிப் போதாது. குறைந்தது எட்டுப் பத்து எடுங்கள், எல்லாம் நிமிர்ந்த சட்டத்தில், 1080-க்கு 1920. ஒரே வெர்ஸின் நான்கு பார், வெவ்வேறு இடத்தில், வெவ்வேறு தொடக்கத்தில். முதல் ஒன்றரை விநாடிக்குள் வாய் திறந்திருக்க வேண்டும். லோகோ சுழல்வது, பெயர் தோன்றுவது எல்லாம் விரல் அடுத்ததற்குத் தள்ளக் கொடுக்கும் அவகாசம்தான். வரிகளைத் திரையில் பெரிதாகப் போடுங்கள், பலர் சத்தத்தை அணைத்துவிட்டுத்தான் பார்க்கிறார்கள். நல்ல பன்ச்லைன் ஒன்று எழுத்தாகப் படித்தாலே சத்தத்தைத் திறக்க வைக்கும்.

இங்கே ஒரு சின்ன விஷயம் பெரிய இழப்பைத் தருகிறது. டிஸ்ட்ரிபியூட்டர் படிவத்தில் டிக்டாக், இன்ஸ்டாகிராம் ஆகியவற்றின் ஒலி நூலகத்துக்கும் பாட்டை அனுப்பியிருக்க வேண்டும். கிளிப்புக்கு அந்த நூலகத்தில் உள்ள அதிகாரபூர்வ ஒலியையே பயன்படுத்துங்கள். எடிட் செய்யும் செயலியிலேயே ஒலியைச் சேர்த்து ஏற்றினால் அது "அசல் ஒலி" என்று தனியாக நிற்கும், பிடித்துப்போனவர் தட்டிப் பாட்டுக்கு வர வழி இருக்காது. டிக்டாக்கில் துணுக்கு எந்த விநாடியில் தொடங்க வேண்டும் என்று கேட்கும் டிஸ்ட்ரிபியூட்டரும் உண்டு. அதை நிரப்பாமல் விட்டு, மக்கள் கையில் இன்ட்ரோவைக் கொடுத்துவிடாதீர்கள். ஹூக்கின் முதல் சொல்லுக்கு ஒரு அடி முன்னால் வையுங்கள்.

காசு போட்டு விளம்பரம் செய்வதானால் பதிவின் கீழே இருக்கும் பூஸ்ட் பொத்தானை அமுக்காதீர்கள். அது லைக் போடுபவரைத் தேடித் தரும், கேட்பவரை அல்ல. விளம்பர மேலாளர் பக்கத்துக்குப் போய், எல்லாத் தளங்களின் லிங்க்கும் உள்ள ஒரு பக்கத்துக்கு ஆளை அனுப்பி, அங்கிருந்து ஸ்ட்ரீமிங் தளத்தைத் தட்டியவர்களை மட்டும் இலக்காக எண்ணும்படி அமையுங்கள். வெறும் கிளிக்கை இலக்காக வைத்தால், கை தவறித் தட்டுபவர்களையே இயந்திரம் மலிவாகப் பிடித்துத் தரும். உலகம் முழுக்க என்று குறிவைத்தால் கிளிக் எங்கே மலிவோ அந்த நாட்டிலேயே உங்கள் காசு கரைந்துவிடும். உங்கள் மொழி புரிகிறவர்கள் வாழும் நாடுகளை மட்டும், விலை ஒத்தவற்றை ஒரு தொகுதியாகப் பிரித்து வையுங்கள். மூன்று நான்கு கிளிப்பைச் சிறு தொகையில் நான்கைந்து நாள் ஓடவிட்டு, தோற்றதை நிறுத்தி, வென்றதற்கு மட்டும் தொகையைக் கூட்டுங்கள். முதல் நாளே பார்த்துப் பதறி மாற்றினால் இயந்திரம் கற்றதெல்லாம் வீண். ஏற்கனவே சும்மா போட்டபோது நன்றாக ஓடிய கிளிப்பையே விளம்பரமாக்குவது பாதி வேலையை மிச்சப்படுத்தும்.

எண்ணிக்கையில் எதைப் பார்ப்பது? மொத்த ஸ்ட்ரீமை மறைத்து வைத்துவிட்டு, கேட்டவர்களில் எத்தனை பேர் சேவ் செய்தார்கள், ஒருவர் சராசரியாக எத்தனை தடவை கேட்டார் என்ற இரண்டை மட்டும் 28 நாளுக்கு ஒருமுறை எழுதி வையுங்கள். நூறு பேர் கேட்டு இருபது பேர் சேவ் செய்த டிராக்குக்கு விளம்பரக் காசு போடலாம். ஆயிரம் பேர் கேட்டு ஐந்து பேர் சேவ் செய்ததற்குப் போடாதீர்கள், அது எத்தனை பிடித்த பாட்டாக இருந்தாலும் சரி. 2013-இல் அமெரிக்க ராப்பர் நிப்ஸி ஹஸ்ல், இணையத்தில் இலவசமாகவே கிடைத்த தன் மிக்ஸ்டேப் பாடல் தொகுப்பின் 1000 பிரதிகளைத் தலா 100 டாலருக்கு விற்றார். இலவசமாகக் கிடைப்பதைக் காசு கொடுத்து வாங்க ஆள் இருந்தது, ஏனென்றால் அவர் அதற்கு முன்பே பல ஆண்டு மிக்ஸ்டேப் போட்டு ஆள் சேர்த்திருந்தார்.

கிளிப்பின் கீழே வரியைத் திருப்பி எழுதுபவர், தன் ஸ்டோரியில் பகிர்ந்து உங்களை டேக் செய்பவர், இவர்கள் பெயரை ஒரு தாளில் குறித்து வையுங்கள். அவர்களுக்குக் கையால் பதில் எழுதுங்கள், நகலெடுத்து ஒட்டிய நன்றி வேண்டாம். அவர்கள் மின்னஞ்சலைக் கேட்டு வாங்குங்கள். ஒரு தளம் கணக்கை முடக்கினால் ஃபாலோயர் அதனோடு போய்விடுவார், முகவரி உங்களிடம் இருக்கும். அடுத்த டிராக் வரும் அன்று முதல் ஒரு மணி நேரத்தில் லிங்க் போக வேண்டியது அந்தத் தாளில் இருப்பவர்களுக்குத்தான்.

இப்படிக்கு,
மிக்ஸ் மேசையிலும் பதிவேற்றப் படிவங்களிலும் உங்களோடு உட்கார்ந்திருப்பவர்கள்